ஊசி விலையும் நம் வீட்டுக் கணக்கும்



முடக்குவாதம் பற்றி நீங்கள் எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "புது ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். இருக்கிற நகையை வைத்தாவது போட்டுவிடலாமா?" இதில் பாதிதான் மருத்துவக் கேள்வி, மீதி கணக்கு. அந்தக் கணக்கை ஒவ்வொரு குடும்பமும் அடகுக்கடைத் திண்ணையில் தனியாகப் போட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சமூகமாகச் சேர்ந்து போட வேண்டிய கணக்கு அது.

முடக்குவாதம் வயதாகி மூட்டுத் தேய்வதால் வருவதல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அந்தத் தாக்குதலைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுத்தால் வீக்கம் வடியும் என்று 1992-ல் லண்டனில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக் காட்டியவர்கள் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும். இந்த வகை மருந்துகளை உயிருள்ள செல்களில் வளர்த்தெடுக்க வேண்டும். விலைக்கு அது ஒரு காரணம், காப்புரிமை இன்னொன்று. இந்த வகையைச் சேர்ந்த அடலிமுமாப் ஊசிக்கு இணையான மருந்தை, உலகிலேயே முதலாவதாக, 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் கொண்டுவந்தது. விலை அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஊசி ஒன்றுக்குச் சுமார் 200 டாலர். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 26 ஊசி. பிறகு வேறு கம்பெனிகளும் வந்து விலை இறங்கியது. ஆனாலும் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இன்னும் எட்டாத உயரம்தான்.

பிரிட்டனில், கொடுக்கும் விலைக்குத் தக்க பயன் மருந்தில் உண்டா என்ற கணக்கை 'நைஸ்' என்ற அரசு அமைப்பு போடுகிறது. நோயில்லாத ஓராண்டை ஒன்று என்று வைத்து, வலியோடும் முடக்கத்தோடும் கழியும் ஆண்டை அதற்குக் கீழே மதிப்பிடுகிறார்கள். மருந்தால் வாழ்நாள் முழுவதும் இப்படி எத்தனை ஆண்டு கூடும், அதற்கு என்ன செலவாகும் என்று பார்க்கிறார்கள். ஒரு முழு ஆண்டு 20 முதல் 30 ஆயிரம் பவுண்டுக்குள் கிடைத்தால் பொதுவாக அனுமதி என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2016-ல் நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு மட்டும் இருந்த அனுமதி, விலை இறங்கிய பின் 2021-ல் சில மருந்துகளுக்கு மிதமான நோயாளிகள் வரை விரிந்தது. உயிருக்கு விலை வைப்பதாக இது சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு பொதுவில் இருந்ததால்தான் விலையைக் குறை என்று கேட்க அங்கே ஒரு பிடி இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. முடக்கத்தை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் வினாத்தாள் 1980-ல் ஸ்டான்ஃபோர்டில் உருவானது. இறைச்சியை வெட்ட முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா, புதுப் பால் அட்டைப்பெட்டியைத் திறக்க முடிகிறதா என்றெல்லாம் அது கேட்கும். 2002-ல் டெல்லி மருத்துவர்கள் அதை நமக்கேற்ப மாற்றி, சம்மணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் சேர்த்தார்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இன்னும் சில கேள்விகள் வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும். முடக்குவாதம் வந்தவர் விரல்களோ காலையில்தான் விறைத்துக் கிடக்கும். மடக்கி நிமிர்த்த ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பத்து மணிக்குக் கை இளகும்போது அன்றைய கூலி போயிருக்கும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடையாமல் தோலை மட்டும் உரித்தெடுப்பது முழுக்க விரல்நுனி வேலை. அம்மாவுக்கு முடியாததால் காலையில் தேங்காய் துருவி, துணி பிழிந்துவிட்டு வேலைக்குப் பிந்திப் போகும் மகளின் நேரத்தை எந்தக் கணக்கிலும் காணோம். இவற்றைச் சேர்த்தால் ஊசியின் மதிப்பு கூடும். இன்னொரு பக்கம், டி.என்.எஃப். தடுப்பு ஊசிகள் உடம்பில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் அதற்கான முன்சோதனைச் செலவையும் ஆபத்தையும் கழித்தாக வேண்டும்.

ஊசிக்கு முன்னால் ஒரு மாத்திரை இருக்கிறது: மெத்தோட்ரெக்சேட். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் வழிநடத்திய ஆய்வுக்குழு தந்த மருந்து. ஊசி விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு. இதோடு இன்னும் இரண்டு பழைய மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தது எடனெர்செப்ட் என்ற டி.என்.எஃப். தடுப்பு ஊசிக்குச் சளைக்கவில்லை என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஊசியையே முதலில் தொடங்கினால், கூடுதலாகக் கிடைக்கும் ஒரு நல்ல ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் செலவாகும் என்று 2017-ல் அமெரிக்கக் கணக்கு சொன்னது. ஆகவே மாத்திரையை முறையாகச் சாப்பிட்டுப் பார்க்காமல் யாரும் நகையைக் கழற்ற வேண்டாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள்.

மாத்திரைக்கு அடங்காத நோயும் உண்டு. அப்படிப்பட்ட நோயாளிகளுக்காகத்தான் அரசிடம் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அழிந்த மூட்டை மாற்றும் அறுவைக்கு அதில் வழியிருக்கிறது. மூட்டு அழியாமல் காக்கும் ஊசியையும் அதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலில் மருந்து விலையை இறக்கிக் காட்டியிருக்கிறது. மருத்துவத்தின் செலவையும் பயனையும் ஆராய மத்திய அரசு 2017-ல் ஒரு தனி அமைப்பே தொடங்கியது. நம்மிடம் இல்லாதது நம் ஊர்த் தகவல்தான்.

அதைத் தர உங்களால் முடியும். வலி தொடங்கி எத்தனை மாதம் எண்ணெயும் கிழியுமாகப் போனது, நோயின் பெயரை எப்போது யார் சொன்னார்கள், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்வர எத்தனை நாள் கூலி போனது, எந்த வேலையை விட்டீர்கள், வீட்டில் அதை இப்போது யார் செய்கிறார்கள், எதை அடகு வைத்தீர்கள், மீட்டீர்களா என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் தொழிலும் போதும். வாதநோய் மருத்துவர் ஒருவரையும் பொருளாதாரம் படித்த ஒருவரையும் உட்காரவைத்து, வந்ததையெல்லாம் தொகுத்து வெளியிடுவோம். அந்த இதழின் ஒரு பிரதி சுகாதாரத் துறைக்கும் போகும்.

அன்புடன்,
ஆசிரியர்