நெருப்பு பட்ட தூணுக்கு எத்தனை ஸ்டார்?

அரியமங்கலம்னு சொன்னாலே திருச்சிக்காரங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. குப்பைக்கிடங்கு அப்படி ஒரு பேர் வாங்கிக் குடுத்திருக்கு. ஆனா எங்க ஊர்ல சிட்கோ தொழிற்பேட்டையும் இருக்கு மக்களே. லேத்து, வெல்டிங், ஃபேப்ரிகேஷன்னு நாள் பூரா இரும்புச் சத்தம். அந்தச் சத்தத்துல இருபது வருஷத்துக்கு மேல ஓட்டினவன் நான், ஒரு பட்டறையில தரக்கட்டுப்பாடு வேலை. அதனால இந்தப் பதிவுல கொஞ்சம் இரும்பு வாசனை அடிக்கும். பொறுத்துக்கங்க :-)

விஷயத்துக்கு வரேன். என் மச்சினன் கார் தஞ்சாவூர் ரோட்டுல பக்கவாட்டுல அடி வாங்கிடுச்சு. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவுல ஒரு தூண் நிக்குதில்ல, பி பில்லர்னு சொல்வாங்க, அது மட்டும் நாலு விரக்கடை உள்ள போயிருந்துச்சு. தெரிஞ்ச டிங்கரிங் பட்டறையில விட்டோம். சாயங்காலம் எட்டிப் பாத்தா, பாய் கேஸ் டார்ச்சை வச்சு தூணைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சிக்கிட்டு இருக்காரு. ஒரு பையன் செயின் போட்டு வெளியே இழுக்கறான்.

"பாய், நிறுத்துங்க"ன்னு கத்திட்டேன்.

ஏன் கத்தினேன்னு சொல்லணும். பழைய கார்ல எல்லாம் இருந்தது சாதாரண தகடு. காய்ச்சலாம், தட்டலாம், நிமித்தலாம், பெருசா குத்தமில்ல. இப்ப வர்ற பல கார்கள்ல இந்தத் தூண் மாதிரி முக்கியமான இடத்துக்குப் போரான் கலந்த எஃகுத் தகடு போடறாங்க. 22 எம்.என்.பி 5னு அதுக்குப் பேரு. போரான் எவ்வளவுங்கறீங்க? ஒரு சதவீதத்துல ஆயிரத்துல சில பங்கு. சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. ஆனா அது இருந்தாத்தான் வேலை நடக்கும்.

அந்தத் தகட்டை உலையில 900 டிகிரிக்கு மேல சில நிமிஷம் வச்சு, செக்கச்செவேல்னு இருக்கறப்பவே எடுத்து அச்சுல போட்டு அழுத்துவாங்க. அச்சுக்குள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். உருவம் வர்றதும் குளிர்றதும் ஒரே அழுத்துல. செகண்டுக்குக் குறைஞ்சது 27 டிகிரியாவது இறங்கணும், அப்பதான் உள்ள இருக்கற அமைப்பு மாறி மார்ட்டன்சைட் ஆகும். நம்ம கொல்லுப்பட்டறை ஆசாரி அருவாளைப் பழுக்கக் காய்ச்சி தண்ணியில முக்குவாரே, அதே சங்கதிதான். சாதாரண தகடு 300 மெகாபாஸ்கல் தாங்கும்னா, இது 1500. ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 150 கிலோ!

1970கள்ல ஸ்வீடன்ல உருவான முறை இது. மொதல்ல ரம்பத்துக்கும் புல்வெட்டற பிளேடுக்கும்தான் பயன்பட்டுச்சு. 1984ல சாப் 9000 கார்ல கதவுக்குள்ள வைக்கற குறுக்குப்பட்டைக்குப் போட்டாங்க. அங்கேருந்து உலகம் பூரா பரவிடுச்சு. இப்ப சில கார்கள்ல தூணோட மேல்பாதி கெட்டி, கீழ்ப்பாதி வேணும்னே கொஞ்சம் இளக்கம். இடிச்சா கீழ மடங்கணும், தலைக்கும் நெஞ்சுக்கும் நேரா மடங்கக்கூடாதுங்கற கணக்கு.

இந்தக் கணக்கு மேலதான் பாய் டார்ச்சு அடிச்சாரு. நெருப்புல வந்த பலம் நெருப்புலயே போகும். சிவக்கக் காய்ச்சி காத்துல ஆறவிட்டா பழைய பலம் திரும்பாது. பக்கத்துல, சிவக்காம வெறும் சூடு மட்டும் ஏறின இடமும் இளகிப் போயிடும். பாக்க அதே தூண்தான். மேல பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சுட்டா எவனுக்குத் தெரியும்?

எங்களுக்கு இது தெரியாத ஊரா? அதான் எனக்கு ஆத்தாமை. 1965லேருந்து பெல் இருக்கற ஊர் இது. சுத்துப்பட்டு பட்டறை எல்லாம் பாய்லர் வேலை பாத்தே வளர்ந்தது. பி91 குழாயில வெல்டிங் முடிஞ்சா, 760 டிகிரி பக்கத்துல வச்சு பதப்படுத்தணும். ஏறுற வேகம், நிக்கற நேரம், இறங்குற வேகம் எல்லாத்தையும் தெர்மோகப்பிள் வச்சு சார்ட்டுல பதியணும். சார்ட் இல்லையா? குழாய் தங்கமாவே இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. பாய்லருக்கு ஐ.பி.ஆர். சட்டம் இருக்கு, இன்ஸ்பெக்டர் கையெழுத்து இருக்கு. புள்ளகுட்டியோட நாம உக்காந்து போற கார் தூணைக் காய்ச்ச ஒரு துண்டுச்சீட்டு கூட வேணாம்!

பாயைத் திட்டறதுக்காக இதை எழுதல. நான் விளக்கிச் சொன்னதும் அவர் சொன்னதைக் கேளுங்க: "அதான் சார்! போன வாரம் இதே மாதிரி தூண்ல வெல்டு புள்ளியைத் தோண்டறதுக்குள்ள நாலு ட்ரில் பிட்டு மொட்டையாப் போச்சு. எந்த வண்டியில எந்த எடம் கெட்டின்னு எங்களுக்கு யாரு சார் சொல்லித் தரா?"

பதில் சொல்ல முடியல. காய்ச்சாதே, நிமித்தாதே, மாத்துன்னு கார் கம்பெனியோட பாடி ரிப்பேர் புத்தகத்துல இருக்கும். அது பாய் கைக்கு வந்தாத்தானே?

அடுத்தது காசு. இன்சூரன்ஸ்ல தகட்டுப் பாகத்தை மாத்தினா தேய்மானம் கழிப்பாங்க. நாலு வயசு தாண்டின வண்டின்னா 35 சதவீதம் நம்ம தலையில. ஜீரோ டெப் எடுத்திருந்தா தப்பிச்சோம். மச்சினன் எடுக்கல. "மாமா, தட்டி நிமித்தினா போதாதா? ஊரே அப்படித்தானே பண்ணுது?"ன்னான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. மாத்தறதுக்குக் கையிலேருந்து போடணும், காய்ச்சி நிமித்தினா காசு மிச்சம்னு இருந்தா, யாரா இருந்தாலும் காய்ச்சத்தான் சொல்லுவான்.

கடைசியில சண்டை போட்டு மாத்த வச்சேன். வெட்டி எடுத்த பழைய தூணை எங்க பட்டறைக்குக் கொண்டுபோய் கடினம் பாத்தேன். நெருப்பு படாத இடத்துல ராக்வெல் சி 47. பட்ட இடத்துல 22. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் முள்ளையே பாத்துக்கிட்டு நின்னாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

2017 அக்டோபர்லேருந்து புது மாடலுக்கு இடி சோதனை கட்டாயம். 2023 அக்டோபர்லேருந்து பாரத் என்கேப் ஸ்டார் குடுக்குது. சந்தோஷம். ஆனா அந்த ஸ்டார் எல்லாம் ஷோரூம்லேருந்து வர்ற வண்டிக்கு. டார்ச்சு பட்டு வர்ற வண்டிக்கு யாரும் ஸ்டார் குடுக்கறதில்ல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. எந்த மாடல்ல எந்த இடம் கெட்டித் தகடுங்கற படத்தைக் கம்பெனிக்காரங்க தமிழ்ல, ஓசியில, எல்லா டிங்கரிங் பட்டறைக்கும் குடுக்கட்டும். அந்தப் பாகங்களுக்கு மட்டும் இன்சூரன்ஸ் தேய்மானம் கழிக்காம இருக்கட்டும். வண்டி வச்சிருக்கற நாம, பட்டறையில விடறப்ப "தூணைக் காய்ச்சுவீங்களா, மாத்துவீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேப்போம். பழைய கார் வாங்கறப்பவும் அதையே கேப்போம்.

உங்க ஊர்ல எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: மச்சினன் ரெண்டு வாரமா பேசறதில்ல. தீபாவளிக்குள்ள சரியாயிடும்னு நம்பறேன் :-)