பரம்பரையா, சாப்பாடா?

ஒருத்தருக்குப் புற்றுநோய் எண்டதும் எங்கட சனம் ரெண்டு கேள்வி கேக்கும்: "பரம்பரையில இருக்கோ?", "என்னத்தைச் சாப்பிட்டவராம்?" இரண்டுமே நோயாளியைக் கூண்டில் ஏற்றும் கேள்விகள்.

நிணநீர்த் தொகுதியில் வரும் லிம்போமாவைப் பார்ப்போம். அதில் குடலில் வரும் ஓர் அரிய வகை, சீலியாக் நோயோடு சேர்ந்தது. சீலியாக் உள்ள கிட்டத்தட்ட எல்லாரிடமும் எச்.எல்.ஏ-டி.கியூ2 அல்லது டி.கியூ8 மரபணு வகை இருக்கும். ஐரோப்பியரில் மூன்றிலொரு பங்கினரிடம் அது உண்டு. நோய் வருவதோ நூற்றில் ஒருவருக்குத்தான். கோதுமையின் குளூட்டனும் சேர்ந்தால்தான் அந்த மரபணு வினை செய்யும். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பாண் தட்டுப்பாடு வந்தபோது, சீலியாக் பிள்ளைகள் தேறியதை வைத்தியர் வில்லெம் டிக்கே கண்டார். குளூட்டனை முற்றாக விட்ட சீலியாக் நோயாளருக்கு லிம்போமா ஆபத்தும் குறைகிறது.

மற்ற லிம்போமாக்களுக்கு இவ்வளவு தெளிவான கதை இல்லை. அதனால், மரபணுச் சோதனை செய்து உணவுப் பட்டியல் விற்பவர்களை நாங்கள் நம்பப் போறதில்லை. எல்லாரும் பாணை விடவும் தேவையில்லை. கழுத்திலோ கமக்கட்டிலோ நோகாத கட்டி கிழமைக்கணக்கில் இருந்தால் வைத்தியரிடம் போவோம். நோயாளியிடம் விசாரணை வேண்டாம், துணைக்குப் போவோம்.