வண்டிக்கும் ஒரு வீடு

எண்கோணச் சின்னத்தினுள்ளே ‘எம்.ஜி.’ என்னும் ஈரெழுத்தைத் தாங்கிய சிறிய ஸ்போட்ஸ் கார்களை நம்மில் மூத்தோர் கண்டிருப்பர். அவ்வெழுத்துகள் எதனைக் குறிப்பன என்று மாணாக்கரை வினவினால், யாரோ ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயராக இருக்கலாம் என்பர். அஃது உண்மையன்று. ‘மொறிஸ் கராஜஸ்’ என்பதன் சுருக்கமே அது. ஒக்ஸ்போட் நகரில் வில்லியம் மொறிஸ் என்பார் நடத்திய வண்டிக் கொட்டகைகளுக்கு வழங்கிய பெயர் அதுவாகும். அவற்றின் முகாமையாளராக இருந்த செசில் கிம்பர், 1920களில் மொறிஸ் வண்டிகளின் அடிச்சட்டத்தின்மேல் இலேசான உடலமைத்து விற்கத் தொடங்கினார். 1929 இல் தொழிற்சாலை அபிங்டன் என்னும் ஊருக்குப் பெயர்ந்து, 1980 வரை அங்கே இயங்கிற்று. இங்ஙனம் கொட்டகையிற் பிறந்து, கொட்டகையின் பெயரையே சூடிக்கொண்ட வண்டியொன்றுக்குக் கொக்குவிலிலே கொட்டகை கட்டப் புறப்பட்டவரின் கதையே இவ்வாரம் நாம் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

அவர் ஒரு காலத்தில் என்னிடம் இரசாயனம் பயின்றவர்; இன்று வங்கியிற் கடமையாற்றுகிறார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலே தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்த நாடு நம்முடையது. பழைய வண்டியின் அருமை இங்கே யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு 1960களில் ஆன எம்.ஜி.பி. வண்டியொன்றைக் கொழும்பில் வாங்கி வந்த அன்பர், தாமே வரைந்த படத்துடன் என்னிடம் வந்தார். தந்தையார் கட்டிய வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு கராஜ். அதன் நடுவே வண்டியின் அடியைப் பார்க்கக் குழி. விறாந்தையிலிருந்து உட்புக ஒரு கதவு. யன்னல் மட்டும் ஒன்றுமில்லை.

“காற்றே புகாமற் கட்டப் போறன், சேர். துருப்பிடிக்க வழியே இருக்காது.”

படித்த இரசாயனத்தை வண்டி ஆசை எவ்வளவு விரைவில் மறப்பிக்கிறது! இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். சாரீரப்பதன் நூற்றுக்கு அறுபதைக் கடந்ததும் துரு விரைந்து ஏறும். நமது குடாநாட்டிலோ அறுபதுக்குக் கீழ் இறங்கும் நாட்கள் அரியன. மழையில் நனைந்து வந்த வண்டியை அடைத்த அறையில் விட்டால் அந்த நீர் எங்கே போகும்? விடியற்புறத்தில் உலோகம் குளிரும். அறையினுள்ளே சிறைப்பட்ட ஆவி பனித்துளியாக அதன்மேற் படியும். எம்.ஜி.பி. 1962 இல் வெளிவந்தபோது, முன்னைய எம்.ஜி.ஏ. போலன்றித் தனி அடிச்சட்டம் இன்றியே அமைந்தது. தகட்டாலாய உடலே பாரம் தாங்குகிறது. கதவுகளின் கீழே நீளவாட்டிற் செல்லும் பெட்டிபோன்ற பகுதி அதன் முதுகெலும்பு எனலாம். ஈரம் முதலிற் புகுந்து அரிப்பதும் அவ்விடத்தையே.

நம்மவர் இதனை நூலின்றியே அறிந்திருந்தனர். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடிய ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் எங்கே படுத்துறங்கின? பெரும்பாலும் கிடுகு வேய்ந்த கொட்டில்களில். மேலே நிழல், பக்கங்களிற் காற்று; அவ்வளவே. கிடுகுக்குத் தீப்பயம் உண்டென்பதால் இன்று ஓடு வேய்தல் நன்று. ஆனால் அக்கொட்டிலின் இலக்கணத்தை மாற்றவேண்டியதில்லை. சோளகம் வந்து மோதும் பக்கத்தில் மட்டும் உப்பும் புழுதியும் புகாதபடி முழுச்சுவர் எழுப்பி, ஏனைய பக்கங்களில் மேலும் கீழும் துளைக்கற்கள் வைக்கலாம். கீழே எதற்கு என்று கேட்பீராயின், பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு நிலமாகத் தவழ்வது. மேலே மட்டும் துளையிருந்தால் அது வெளியேறாது.

அளவு பற்றிச் சில வார்த்தைகள். இவ்வண்டி ஏறத்தாழ 12 அடி 9 அங்குல நீளமும் 5 அடி அகலமும் உடையது. அறையின் அகலம் 8 அடி போதும் என்று கொத்தனார் சொல்வார். வண்டி உள்ளே போகும். ஓட்டுநர் வெளியே வர முடியாது! இரு கதவு வண்டிகளின் கதவுகள் நீளமானவை. அகலம் 11 அடிக்குக் குறையாமலும், நீளம் 18 அடியளவிலும் இருந்தால் பழுது பார்க்க இடம் மிஞ்சும். வண்டியின் அடிவயிறு நிலத்திலிருந்து ஐந்தங்குலம் அளவே உயர்ந்திருத்தலால், வாயிற் சரிவு பத்தடிக்கு ஓரடிக்குமேல் ஏறலாகாது. நிலத்துக்கு முதலிற் பொலித்தீன் விரித்து, அதன்மேல் நாலங்குலக் கொங்கிறீற்று இட்டு, வாயிலை நோக்கிச் சிறிது சாய்வு கொடுக்க வேண்டும்.

குழியை நான் முற்றாக மறுத்தேன். கீழே தவழும் பெற்றோல் ஆவிக்குக் குழியைவிட உவப்பான படுக்கை வேறில்லை. மேலும், மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்போது அதுவே கேணியாகிவிடும். நமது நிலம் சுண்ணக்கல். ஆறில்லாத நாட்டில் கிணறே தாய். குழியில் வழிந்த எண்ணெய் கல்லின் வெடிப்புகளினூடே எந்த வீட்டுக் கிணற்றை அடையும் என்று யார் சொல்ல வல்லார்? சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை வாசகர் மறந்திரார். கழிவெண்ணெயைத் தகரத்தில் ஏந்திக் கொடுக்கும் இடத்திற் கொடுப்பதே முறை.

நிற்க. வடக்குச் சுவருக்கு வருவோம். அச்சுவரிலே அன்பரின் தாயார் உறங்கும் அறையின் யன்னல் இருக்கிறது. அவ்வறைக்கு வேறு யன்னல் இல்லை. படத்தில் அதன்மேல் ஒரு கோடு கீறப்பட்டிருந்தது. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, அம்முதியவர் எனக்குத் தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: “யன்னலை அடைச்சாலும் பரவாயில்லை, மாஸ்ரர். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினது.”

தாய்மார் இப்படித்தான் சொல்வர். அவ்வாறு சொல்கிறார்கள் என்பதற்காக நாம் அதனை ஏற்றுக்கொள்ளலாமா? இக்காலத்து வண்டிகளின் புகைக்குழாயில் உள்ள ஊக்கி மாற்றி அப்பழைய வண்டியில் இல்லை. காலைக் குளிரிற் சோக் இழுத்து இயக்கும்போது எரிபொருள் முற்றாக எரியாது. காபனோரொட்சைட்டு மிகுதியாக வெளிப்படும். நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், உறக்கம், பிறகு எழுவதில்லை. யன்னலை அடைத்தாற் போதாதோ என்றால், போதாது. நம் ஓட்டு வீடுகளிற் பல உட்சுவர்கள் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குமேல் கூரைவெளி வீடு முழுவதற்கும் பொது. கராஜின் கூரையை அதனோடு இணைத்தால் புகை அவ்வழியே தாயின் கட்டிலுக்கு மேலே வந்து சேரும்.

அன்பருக்கு இன்னுமோர் ஆசை இருந்தது. வண்டியைக் கண்ணிலிருந்து மறைக்க அவர் விரும்பவில்லை. அதற்கு நான் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கொழும்பு இல்லத்தைக் காட்டினேன். 33 ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அவர் அமைத்த அவ்வில்லத்தின் வாயிலிலேயே அவருடைய 1934 ஆம் ஆண்டு றோல்ஸ் றோய்ஸ் நிற்கும். வருவோர் முதலிற் காண்பது அதனை. ஆயினும் உள்ளே செல்ல நீண்ட வெண்ணிறக் கூடமொன்றைக் கடக்க வேண்டும். வண்டிக்கு மதிப்பும் உண்டு, மனிதருக்குத் தூரமும் உண்டு.

அன்பர் இரண்டு வாரம் என்னிடம் வரவில்லை. வீட்டை ஒட்டிக் கட்டினால் மூன்று சுவரே தேவை. விலகிக் கட்டினால் நாலாவது சுவருக்கும் பணம் வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது சிறிய காரியமன்று. பிறகு வேறொரு படத்துடன் வந்தார். கொட்டகை கிழக்கே படலையோரம் போயிருந்தது. வீட்டுக்கும் அதற்கும் இடையே ஆறடி வெளி. கிணறு எதிர் மூலையில். விறாந்தைச் சாய்மனைக் கதிரையிலிருந்து பார்த்தால் வண்டியின் முகம் தெரியும். குழி இல்லை, நாலாவது சுவரின் செலவை ஈடுசெய்யக் கதவைப் பின்னர் போடுவதென்றும் தீர்மானித்திருந்தார்.

படம் இப்போது பிரதேச சபையில் இருக்கிறது. அனுமதி கையில் வருமுன் அத்திவாரம் வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை வண்டி மாமரத்தின் கீழ் பருத்தித் துணி போர்த்தபடி நிற்கிறது. அயலவர் ஒருவர் கொடுத்த பொலித்தீன் விரிப்பை அன்பர் தாமாகவே மறுத்துவிட்டாராம். ஈரத்தை அது அடைத்து வைக்கும் என்று அவருக்குக் காரணமும் சொன்னாராம்.