கூலிப்படை யார்?

"வெள்ளைக்காரனிடம் கூலிக்குச் சண்டை போட்டவன். அவனைப் பற்றி எதற்கு முனைவர் பட்ட ஆய்வு?"

கருத்தரங்கு ஒன்றில் மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் 'அவன்' என்றது, புனேவை அடுத்த பீமா கோரேகான் நினைவுத்தூணில் பெயர் உள்ள ஒரு சிப்பாயை. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையோடு மோதி உயிர்விட்டவர். போரில் இறந்தவர்களாகத் தூணில் உள்ள 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அது அக்கால மகர்களின் பெயர் ஒட்டு. என் சிப்பாயும் அதில் ஒருவர்.

இரண்டு வருடமாகத் தேடுகிறேன். கையில் இருப்பது அந்தப் பெயர் மட்டும்தான். அதுவும் கம்பெனி எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. பேஷ்வா ஆட்சியின் ஆவணங்களோ புனே காப்பகத்தில் ஆயிரக்கணக்கான துணிமூட்டைகளாகக் கிடக்கின்றன. தீண்டப்படாதவர் புனேவில் நடந்தால் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்ட வேண்டியிருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். அந்த ஆட்சிக்கு என் சிப்பாய் விசுவாசமாக இருந்திருக்க வேண்டுமாம்!

சரி, கூலிக் கணக்கையே பார்ப்போம். அன்று பேஷ்வா தரப்பில் ஊருக்குள் புகுந்து சண்டையிட்டவர்களில் கணிசமானோர் சம்பளத்துக்கு வந்த அரேபியர்கள். கம்பெனிப் படையிலும் மகர்கள் மட்டுமா இருந்தார்கள்? மராத்தியர், ராஜபுத்திரர், முஸ்லிம் எல்லோரும் இருந்தார்கள், தூணிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் தேசபக்திச் சான்றிதழ் கேட்பதில்லை. இதே பாஜிராவ்தான் 1802இல் வசாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, பறிபோன பதவியைக் கம்பெனித் துப்பாக்கிகளின் துணையோடு மீட்டவர். தோற்றுச் சரணடைந்த பிறகு பித்தூரில் வருடத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் கம்பெனி ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர். பேராசிரியர் அகராதியில் அதற்குப் பெயர் ராஜதந்திரம் போலும்.

கம்பெனியை மீட்பராக்குவது என் வேலையல்ல. மகர்களை வைத்துப் போர்களை வென்ற ஆங்கிலேயர்கள், 1890களில் 'வீர இனம்' அல்ல என்று அவர்களைப் படையில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணின் முன் போய் நின்றது இதையும் அறிந்துதான். அவருடைய அப்பா ராம்ஜியே ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர்.

அடுத்த மாதம் படைப்பிரிவின் ஓய்வூதியப் பதிவேடுகளைத் தேடப் போகிறேன். என் சிப்பாயின் தாய்க்கோ மனைவிக்கோ மாதம் இரண்டு ரூபாயாவது கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும்.