பழைய தட்டும் புதிய மெருகும்

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த மேனாட்டு றொக் இசைத்தட்டுக்கள் இன்று மீண்டும் மீண்டும் அச்சாகி விற்பனைக்கு வருகின்றன. பாடல்கள் ஒன்றே, பாடியோரும் ஒருவரே, ஆயின் விலை மட்டும் ஒன்றுக்கொன்று ஐந்து மடங்கு வரை வேறுபடுகின்றது. உறையின்மேல் ஒட்டிய சீட்டிலே 'றீமிக்ஸ்' என்றும், 'றீமாஸ்டர்' என்றும், '180 கிராம்' என்றும் பலவாறு பொறித்திருக்கின்றனர். இவற்றுள் எதனை வாங்குவது என்று நம்மிடம் பயிலும் மாணவர் சிலர் வினவினர். வினா சிறிதெனினும் விடை சிறிதன்று.

முதலில் இச்சொற்களின் பொருளை அறிந்து கொள்வோம். ஒலிப்பதிவு செய்யுங்கால் முரசு, கித்தார், குரல் ஆகியவை நாடாவிலே தனித்தனித் தடங்களிற் பதியப்படுகின்றன. பின்னர் அத்தடங்களை வேண்டிய அளவிற் கலந்து ஒரு மூலநாடா ஆக்குவர். அம்மூலநாடாவை எடுத்து, இரைச்சலைக் குறைத்து, கனத்த ஒலியையும் நுண்ணொலியையும் சீர்செய்து மறுபடி வெளியிடுதல் றீமாஸ்டர். மூலநாடாவையும் தாண்டிச் சென்று, தனித்தடங்களை எடுத்துப் புதிதாகக் கலத்தல் றீமிக்ஸ். ஏட்டுச் சுவடியைப் பிழையறப் பதிப்பிப்பவர் ஒருவர். செய்யுளின் சீர்களையே இடம் மாற்றி அமைப்பவர் மற்றொருவர். இருவர் வேலையும் ஒன்றென எண்ணுவது பெரும் பிழை. வணிகர் சீட்டோ இரண்டையும் ஒரே பெருமிதத்தோடு கூறிவிடுகின்றது.

பீற்றில்ஸ் குழுவினர் 1967 ஆம் ஆண்டு வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லண்டன் அபி வீதியிலுள்ள ஒலிப்பதிவு நிலையத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை நான்கு தடங்களைக் கொண்ட கருவிகளே. நான்கும் நிரம்பியதும், அவற்றை ஒன்றாகவோ இரண்டாகவோ சுருக்கி வேறொரு நாடாவிற் படியெடுத்து, எஞ்சிய தடங்களில் மேலும் பதிந்தனர். படியெடுக்குந்தோறும் இரைச்சல் கூடும், தெளிவு குன்றும். அன்றி, அக்காலத்து இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை ஒற்றை ஒலிபெருக்கிக் கருவிகள். ஆகவே குழுவினர் உடனிருந்து பல நாள் உழைத்துச் செம்மை செய்தது மொனோக் கலவையே. ஸ்டீரியோக் கலவையை அவர்கள் இல்லாமலே சில நாட்களில் முடித்துவிட்டனர். விளைவு யாதெனில், உலகம் பின்னர்ப் பல ஆண்டுகள் கேட்டு மகிழ்ந்தது, ஆக்கியோர் அத்துணை அக்கறை காட்டாத வடிவத்தையாம்! 'ஷீஸ் லீவிங் ஹோம்' என்னும் பாடல் மொனோவிற் சற்று விரைந்து செல்லும். ஸ்டீரியோவிலே மெதுவாகவும் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும்.

2017 இல், அத்தட்டின் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு, பழைய தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டினின் மைந்தர் ஜைல்ஸ் மாட்டின் புதிய ஸ்டீரியோக் கலவையொன்றைச் செய்தார். படியெடுப்பதற்கு முந்திய முதல் நாடாக்களையே அவர் தேடி எடுத்தார். மொனோவை வழிகாட்டியாகக் கொண்டார். மேற்கூறிய பாடலும் அதன் பழைய வேகத்தைப் பெற்றது. இத்தகைய றீமிக்ஸ் வேண்டற்பாலதே என்பது நமது கருத்து. 1966 இன் 'றிவோல்வர்' தட்டிலோ சில பாடல்களில் முரசும் கித்தாரும் ஒரே தடத்திற் கலந்து கிடந்தன. 2022 இல் கணினியின் துணைகொண்டு, அன்னம் நீரையும் பாலையும் பிரித்தாற்போல, அவற்றைப் பிரித்தெடுத்தனர். வியப்புக்குரிய வித்தைதான். எனினும், ஒரே அறையில் நின்று வாசித்தவர்களின் ஒலிகள் ஒன்றோடொன்று உராயும் அந்த முரட்டுத்தன்மையும் அத்தட்டின் அழகுகளுள் ஒன்றாயிற்றே என்று நம் மனம் தயங்காமலில்லை.

ஆக்கியோனே திருத்தினால் நன்றாகத்தான் இருக்கும் என்றும் சொல்லமுடியாது. இகி பொப் என்பாரும் ஸ்டூஜஸ் குழுவினரும் 1973 இல் வெளியிட்ட 'றோ பவர்' தட்டைக் கலந்தவர் டேவிட் போவி. அவருக்குக் கிடைத்த நாடாவிலே வாத்தியங்கள் ஒரு தடத்திலும், கித்தார் ஒரு தடத்திலும், குரல் ஒரு தடத்திலும் இருந்தன என அவரே கூறியிருக்கின்றார். ஆகையால் ஒலி மெலிந்து காணப்பட்டது. குறை கூறியோர் பலர். 1997 இல் இகி பொப் தாமே கலந்து வெளியிட்ட புதிய வடிவமோ செவிப்பறை கிழியுமளவுக்கு உரத்தது. மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையிலிருந்த தூரம் அற்றுப்போய், முதலிலிருந்து முடிவுவரை ஒரே ஆரவாரம். அதனினும் வருந்தத்தக்கது, கடைகளிற் பழைய வடிவத்தின் இடத்தைப் புதியது பிடித்துக்கொண்டமையே. போவியின் கலவை 2010 இலேதான் மறுபதிப்பிற் சீராகத் திரும்பிற்று. இடைப்பட்ட காலத்திலே வளர்ந்த இளைஞர்கள், தம் தமையன்மார் கேட்ட தட்டையே தாமும் கேட்பதாக எண்ணியிருப்பர்.

இனி விலைக்கு வருவோம். அமெரிக்காவில் 2022 இல் ஏறத்தாழ நாலு கோடிப் பத்து இலட்சம் இசைத்தட்டுக்களும், மூன்று கோடி முப்பது இலட்சம் குறுந்தட்டுக்களும் விற்பனையாயின. 1987 இற்குப் பின் இசைத்தட்டு எண்ணிக்கையில் முந்தியது அப்பொழுதுதான். சந்தை பெருகவே தரத்திற்கேற்ப விலையும் பல படிகளாயிற்று. ஸ்டீலி டான் குழுவினரின் 1972 ஆம் ஆண்டுத் தட்டை 2022 இல் இருவகையாக வெளியிட்டனர். ஒன்று சாதாரணப் பதிப்பு, சுமார் 30 டொலர். மற்றொன்று பெட்டியில் அடங்கிய சிறப்புப் பதிப்பு, 150 டொலர். பின்னையது நிமிடத்துக்கு 45 முறை சுழல்வது. விரைந்து சுழலுந் தட்டிலே ஊசியின்கீழ்ச் செல்லும் வரியின் நீளம் கூடுதலாதலால் நுண்ணொலிகள் தெளிவாகும், இது உண்மை. ஆயின் ஒரு தட்டுக்கு இரண்டு தட்டாகிவிடும். இரண்டு மூன்று பாடலுக்கு ஒருமுறை எழுந்து சென்று தட்டைத் திருப்பவும் வேண்டும்! 180 கிராம் கனம் என்பதோ, தட்டைக் கையிலெடுக்கும்போது ஒரு மதிப்பைத் தருமேயன்றி, தன்னளவில் ஒலியை உயர்த்துவதில்லை.

விலையும் பெயரும் செவிக்குச் சான்றாகா என்பதை 2022 யூலையில் நிகழ்ந்தது காட்டிற்று. மொபைல் ஃபிடெலிற்றி என்னும் அமெரிக்கக் கம்பனியின் தட்டுக்கள் நாடாவிலிருந்து நேரே வெட்டப்படுவன என்று நம்பி, ஆர்வலர் பெருவிலை கொடுத்து வந்தனர். இடையிலே இலக்கமுறைப் படியொன்று எடுக்கப்படுவது அப்பொழுது வெளியாயிற்று. வழக்கு எழுந்தது, 2 கோடி 50 இலட்சம் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அத்தட்டுக்களின் ஒலியை அதுவரை யாரும் குறைகூறவில்லை. இலக்கமுறையை அறவே வெறுத்தவர்களே அவற்றை மெச்சிக்கொண்டிருந்தனர். வாங்கியோரிடம் உண்மையை மறைத்தது தவறு. ஒலி கெட்டது என்று சொல்வதற்கோ இடமில்லை.

பழைய முதற்பதிப்புக்களைத் தேடுவோரும் உளர். லெட் செப்பலினின் இரண்டாம் தட்டை 1969 இல் றொபேட் லட்விக் என்பவர் மிக்க வலுவோடு வெட்டினார். கம்பனித் தலைவரின் மகளுடைய மலிவான கருவியிலே ஊசி துள்ளிற்று என்றும், அதனால் வலுவைக் குறைத்து வேறு வெட்டு வெட்டினர் என்றும் சொல்வர். இன்று அம்முதல் வெட்டுக்குப் பல நூறு டொலர் கேட்கின்றனர். வரிகள் முடிந்து நடுச்சீட்டுத் தொடங்குமுன் உள்ள வெற்றிடத்தில் அவர் பெயரின் முதலெழுத்துக்கள் கீறப்பட்டிருக்கும். வாங்குவோர் உறையை நம்பாது அதனையே வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். எழுத்து இருப்பினும் தட்டுத் தேய்ந்திருப்பின் யாது பயன்?

கடைக்குச் செல்லும் மாணவர், எந்த நாடாவிலிருந்து எடுத்தது, கலந்தவர் யார், வெட்டியவர் யார், பழைய கலவையும் உடன் உண்டா என்று கேட்பாராக. ஸ்டீவன் வில்சன் புதிதாகக் கலந்த ஜெத்ரோ டல் குழுவினரின் 'அக்குவாலங்' போன்ற பதிப்புக்கள் மெச்சத்தக்கவை. 1971 இல் பதிவுநிலையக் கோளாறுகளால் மங்கிப்போன அத்தட்டு 2011 இலேதான் துலங்கிற்று.

இரண்டு பதிப்புக்களை ஒப்பிடும்போது ஒலியின் அளவை முதலிற் சமன் செய்துகொள்க. சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. அவ்வியல்பை அறிந்தே பலர் வணிகம் செய்கின்றனர். சமன் செய்தபின், வீட்டிலுள்ள தம்பியோ தங்கையோ எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றி வைக்கட்டும். நீங்கள் மறுபக்கம் திரும்பி அமர்ந்து, எது நன்று என்று ஒரு தாளிற் குறித்து வாருங்கள். விலைச்சீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.