வாலிபர் உயிரைக் காப்போம்

2022-ம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர் தொகை 1,70,924 என்று தேசியக் குற்றப் பதிவுக் காரியாலயம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் 13,044 பேர் மாணாக்கர். தமிழ்நாட்டில் மாண்டவர் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக நமக்குக் கிடைத்த இந்த ஸ்தானம் பெருமை தரத்தக்கதன்று. ஓர் ஊரில் விஷ ஜுரம் பரவினால் சர்க்காரும் ஜனங்களும் ஓடோடி வருகிறார்கள். வாலிபர் உள்ளத்தை அரிக்கும் இத்துயரத்தைப் பற்றி மாத்திரம் யாவரும் வாய்மூடியிருப்பதேன்?

தலைவிதி என்பர் சிலர். கோழைத்தனம் என்பர் வேறு சிலர். இரண்டும் தவறு என்பதற்கு இலங்கையே சாட்சி. 1995-ல் அங்கே லட்சம் பேருக்கு 47 பேர் வீதம் இவ்வாறு மாண்டனர். கொடிய பூச்சி மருந்துகளை அந்நாட்டுச் சர்க்கார் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது வருஷங்களில் அந்த விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது, விளைச்சலோ குறையவில்லை. வறுமையும் குடும்பச் சச்சரவும் அங்கே ஒழிந்து போயினவா? இல்லை. திடீரென எழும் வேகத்துக்கும் நஞ்சுக்கும் நடுவே ஒரு தடை ஏற்பட்டது, அவ்வளவே. அந்த வேகம் தணியும்வரை பிழைத்திருந்தால், பெரும்பாலோர் பிறகு வாழவே விரும்புகிறார்கள்.

இந்தப் பாடம் நீலகிரியிலுள்ள தேவர்சோலைக்கு அந்நியமன்று. 1964-ம் வருஷத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல, அவ்வூர் அமைந்த கூடலூர்ப் பிரதேசத்திலேயே குடியேறின. தேயிலைத் தோட்டங்களும், சிறு விவசாயிகளின் நிலங்களும், பணியர், குறும்பர் குடியிருப்புகளும் சூழ்ந்த இடம் அது. அங்கே பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அரிய பொருள்களல்ல. ஆகவே முதற்காரியம் இதுவே: அவற்றை வீட்டினுள் வைத்தலாகாது, தோட்டந்தோறும் பூட்டிய அறையில், பொறுப்புள்ளவர் கையில் சாவி இருக்க வேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பேரூராட்சியும் தோட்ட நிர்வாகிகளும் தொழிற்சங்கங்களும் மனம் வைத்தால் போதும்.

இரண்டாவது, அச்சத்தை ஒழிப்பது. போலீஸ் வழக்கு வருமென்று அஞ்சி, உயிருக்குப் போராடுபவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லத் தயங்குவோர் உண்டு. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை அளிப்பதைச் சர்க்காரின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. இச்செய்தி ஒவ்வொரு லைன் வீட்டுக்கும் எட்ட வேண்டும்.

மூன்றாவது, மனம் விட்டுப் பேசுதல். கலகலப்பாயிருந்த பிள்ளை ஒதுங்கினால், உறக்கமும் உணவும் குறைந்தால், 'நான் இருந்து என்ன பயன்' என்று சொன்னால், பெற்றோரும் உபாத்தியாயரும் அதை அலட்சியம் செய்யலாகாது. சாக வேண்டுமென்று தோன்றுகிறதா என அன்போடு நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. நெஞ்சின் பாரம் குறைகிறதென்பதே வைத்தியர்கள் கண்ட உண்மை. அத்தகையவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சர்க்காரின் 'டெலி மானஸ்' என்ற மனநல உதவித் தொலைபேசி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. பரீட்சையில் தவறியவனுக்குத் துணைத் தேர்வு உண்டு; தவறிப்போன உயிருக்கு அது இல்லை.

மேடையில் வாலிபரை வருங்காலத் தூண்கள் என்று புகழும் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. தேவர்சோலையில் ஒரு பூட்டு மாட்டப்படுமாறு செய்வதும், சோர்ந்த ஒரு பையனருகில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருப்பதும் தேசத் தொண்டேயாகும். அதை இன்றே தொடங்குவார்களாக.