யாழ்ப்பாணம் மதுரையைவிடக் கிட்ட

வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கான டி.சி.எஸ். (விற்கும்போதே வசூலிக்கும் வரி) பிடித்தத்தை 2 சதவீதமாகக் குறைத்ததை நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்த வரம் என்று கொண்டாடுகிறார்கள். 2026 நிதிநிலை அறிக்கையில் போகிற போக்கில் வந்த அறிவிப்பு அது. பயண ஏஜென்சிக்காரர்கள் மகிழ்வதில் வியப்பில்லை. அவர்கள் கேட்டது கிடைத்திருக்கிறது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ குடியிருந்துகொண்டு, இரண்டு சம்பளத்தில் வீட்டுக்கடனையும் கட்டிக்கொண்டு, வருஷத்துக்கு நாலு நாள் ஏதாவது ஒரு தீவுக்குப் போய்வர ஆசைப்படும் தம்பதிக்கு இதில் என்ன கிடைத்தது?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தம்பதி ஒன்றரை லட்ச ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் வாங்கினால் பழைய 5 சதவீதக் கணக்கில் பிடித்தம் 7,500 ரூபாய். புதிய கணக்கில் 3,000. மிச்சம் 4,500. அதுவும் மிச்சம் இல்லை, பின்னால் வரி தாக்கல் செய்யும்போது எப்படியும் கழித்துக்கொள்ளக்கூடிய பணம். பன்னிரண்டு லட்சத்துக்கு ஐரோப்பா போகிறவரின் கதை வேறு. முதல் 10 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று அவரிடம் 90,000 ரூபாய் பிடித்தார்கள். இனி 24,000 போதும். கையில் 66,000 ரூபாய் கூடுதலாக நிற்கும். சலுகை யாருக்கு என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதியை யாரும் பேசுவதே இல்லை. எது ‘பேக்கேஜ்’ என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூன் 30 அன்றே சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது. விமான டிக்கெட், தங்கும் அறை, பிற செலவுகள் ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். டிக்கெட்டை விமான நிறுவனத்திடமும் அறையை விடுதிக்காரரிடமும் தனித்தனியே வாங்குகிறவர் அந்த வரையறைக்குள் வரவே மாட்டார். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வழியில் பார்த்தாலும் ஆண்டுக்கு 10 லட்சம் வரை டி.சி.எஸ். கிடையாது. ஆக, தானே திட்டம் போட்டுப் போகிறவரிடம் நேற்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காததைக் குறைத்துவிட்டு வாழ்த்துச் சொல்லச் சொல்கிறார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகரில் தானே திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம் என்று அடித்துச் சொல்வேன். காரணம் சிக்கனம் மட்டும் இல்லை, ஷிஃப்ட். கணவனுக்குத் தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின், இந்த வாரம் பி ஷிஃப்ட். மனைவிக்குத் தனியார் பள்ளியில் வேலை, பரீட்சை முடியாமல் நகர முடியாது. இருவருக்கும் சேர்ந்தாற்போல விடுப்பு விழுவது ஆயுத பூஜையையோ பொங்கலையோ ஒட்டி நாலு நாள். ஏஜென்சியோ ஆறு இரவு ஏழு பகல் என்கிறது, அதுவும் அவர்கள் குறிக்கிற தேதியில்தான் புறப்பட வேண்டும். அந்தத் தேதியில் இவர்களுக்கு லீவு கிடைக்காது. அதனால்தான் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு டிக்கெட் விலையைத் துழாவுகிறார்கள். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் யூடியூப்’ என்று கேலி செய்கிறவர்கள் கேலி செய்துகொள்ளட்டும். நாலு நாள் லீவை வீணாக்காமல் செலவழிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

அப்படித் துழாவுகிறவர்களின் கண்ணில் பாலி, புக்கெட், மாலத்தீவு எல்லாம் படுகின்றன. படவேண்டிய தீவு படுவதில்லை. நான் பலமுறை சொல்லி நண்பர்களிடம் சலிப்பைச் சம்பாதித்த கணக்கை மறுபடியும் சொல்கிறேன். மீனம்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் சுமார் 355 கிலோமீட்டர். கோவை ஏறத்தாழ 400. மதுரை அதைவிடக் கொஞ்சம் கூட. வெளிநாடு என்று நாம் மிரளும் ஊர், நாம் வாரக் கடைசியில் கல்யாணத்துக்குப் போய்வருகிற ஊர்களைவிடப் பக்கத்தில் இருக்கிறது. நிதியமைச்சர் பிறந்த ஊர் மதுரை. சென்னைக்காரர்களுக்கு அதைவிட யாழ்ப்பாணத்து நல்லூர் கிட்ட என்று அவரிடம் யாராவது சொன்னால் தேவலை.

இறங்கினால் தமிழிலேயே பேசி, தமிழிலேயே பேருந்துப் பலகை படித்து, தமிழிலேயே பேரம் பேசலாம். 2024 பிப்ரவரியிலிருந்து யு.பி.ஐ. கூட அங்கே செல்லும். காரைநகரில் கசூரினா கடற்கரை. குறிகாட்டுவான் துறையில் படகேறினால் நயினாதீவில் நாகபூசணி அம்மன். இன்னும் உள்ளே போனால் பவளக்கல் மதில்களும் காட்டுக் குதிரைகளுமாக நெடுந்தீவு. வெப்பமண்டலத் தீவு வேண்டும் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிற தம்பதிக்கு, தீவுக்கு அப்பால் தீவு என்று அடுக்கடுக்காக இங்கே கிடக்கிறது. 2024-ல் இலங்கைக்குப் போன சுமார் 20.5 லட்சம் வெளிநாட்டுப் பயணிகளில் இந்தியர்கள் 4 லட்சத்துக்கும் மேல், முதலிடமும் நமக்குத்தான். ஆனால் நம்மவர்கள் கொழும்பில் இறங்கி, கண்டி, நுவரெலியா என்று மலைநாட்டைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். பேக்கேஜ் அப்படித்தான் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அந்த மலையக ரயில் பாதையைச் சிதைத்துப் போட்டது. பாதை மூடினால் தானே திட்டமிட்டவர் வழியை மாற்றிக்கொள்வார். அச்சடித்த பேக்கேஜ் மாறாது.

சரி, யாழ்ப்பாணத்துக்கு ஏன் போவதில்லை? போக விட்டால்தானே. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபோது எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று வெள்ளைக்காரன் ஏற்பாடு செய்தான். போட் மெயில் என்ற பெயரை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். 1964 புயல் தனுஷ்கோடியைத் தின்ற பிறகும் ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களில் போர் வந்து நிறுத்தியது. 2011-ல் தூத்துக்குடி-கொழும்பு கப்பல் விட்டார்கள், அந்த ஆண்டே நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குக் கப்பல் சேவையைப் பிரதமரே காணொலியில் தொடங்கிவைத்தார். ஒரு வாரத்தில் நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலுடன் மறுபடி தொடக்கம். 60 கடல் மைல், நாலு மணி நேரப் பயணம், 150 பேர். வடகிழக்குப் பருவமழை வந்தால் அதுவும் நின்றுவிடும். நம் தம்பதிக்கு ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் லீவு கிடைக்கிறது. கப்பல் நிற்கிற காலமும் ஏறக்குறைய அதுதான்!

விமானத்தின் கதையும் இதுவே. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு வழக்கமான பயணிகள் விமான சேவை தொடங்கியது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. எல்லாம் எழுபது சொச்சம் இருக்கை கொண்ட ஏ.டி.ஆர். விமானங்கள். நூறாண்டுக்கு முன் ஒரு ரயிலும் ஒரு கப்பலும் ஏற்றிப்போனதோடு ஒப்பிட்டால் இது வெட்கக்கேடு.

இந்த வெட்கக்கேட்டைப் பற்றி நம் அரசியல் கட்சிகள் வாய் திறக்கின்றனவா? கச்சத்தீவைத் தேர்தலுக்குத் தேர்தல் தூசி தட்டி எடுக்கிறார்கள். காங்கேசன்துறைக் கப்பல் ஏன் மார்கழியில் நிற்கிறது என்று ஒருவர் கேட்டு நான் படித்ததில்லை. ராமேசுவரம்-தலைமன்னார் கப்பலை விரைந்து தொடங்குவோம் என்று 2024 டிசம்பரில் இரு நாடுகளும் கூட்டறிக்கையில் எழுதின. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா தருகிற கோடிக்கணக்கான டாலர் நம் வரிப்பணம்தான். துறைமுகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, அங்கே போக மழைக்காலத்திலும் ஓடக்கூடிய ஒரு கப்பல் இல்லாமல் வைத்திருப்பவர்களை நிர்வாகிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உடனே ஒரு கூட்டம் ‘உள்நாட்டில் செலவழி’ என்று கிளம்பும். 2022-க்குள் உள்நாட்டில் 15 இடங்களைப் பாருங்கள் என்று 2019 சுதந்திர தின உரையில் பிரதமர் சொன்னது நினைவிருக்கிறது. அந்தமானுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள்; நாலு நாள் லீவில் போய்ச் சேர்வதற்குள் திரும்பவேண்டும். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்கி, பெரும்பாலும் கொச்சிக்குப் போய் ஏறவேண்டும். இதைத்தான் தேசபக்தி என்கிறார்கள் என்றால், அவர்களே முதலில் போய்வரட்டும். ‘பேக்கேஜ் என்றால் பாதுகாப்பு’ என்போருக்குப் பதில் சொல்லவே தோன்றவில்லை. பணம் கட்டி ஏமாந்தவர்களைக் கேளுங்கள். மீனவர்களைச் சிறைப்பிடிக்கிற நாட்டுக்கு உல்லாசப் பயணமா என்று கோபப்படுகிறவர்களின் வேதனை புரிகிறது. ஆனால் யாழ்ப்பாணத்துக் கடைக்காரரிடம் தேநீர் குடிக்காமல் இருந்தால் ஒரு படகாவது திரும்பி வருமா?

2023-24-ல் தனிநபர் பணமனுப்பும் திட்டத்தின் கீழ் நாட்டைவிட்டு வெளியே போன சுமார் 3,170 கோடி டாலரில் 1,700 கோடி டாலர் பயணத்துக்கானது. பாதிக்கும் மேல். இவ்வளவு பெரிய ஆசையைப் பேக்கேஜ் கடைகளின் கல்லாவுக்குத் திருப்பிவிடுவதைத்தான் 2 சதவீதம் செய்யப்போகிறது. பத்து லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் என்பதை அப்படியே விட்டிருக்கலாம். யாரும் செத்துப்போயிருக்க மாட்டார்கள். மாறாக, உடான் திட்டத்தில் சிறு ஊர் விமானங்களுக்கு இருக்கைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுக்கிறார்களே, அதே முறையில் நாகப்பட்டினத்திலிருந்து ஐந்நூறு பேர் ஏறுகிற, பருவமழைக்கு அஞ்சாத ஒரு கப்பலுக்குக் கொடுக்கட்டும். ஆவடியில் ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலை நாகை, மத்தியானம் காங்கேசன்துறை. அந்தக் கப்பல் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கினால் இரண்டே வருஷத்தில் மேற்குப் புறநகரின் பேக்கேஜ் கடைகளில் பாதி ஷட்டரை இறக்கிவிடும்; டி.சி.எஸ். எத்தனை சதவீதம் என்று கேட்க அம்பத்தூரில் ஆள் இருக்காது.